ஆளில்லாத கப்பலின் பின்னால் நான் போகவில்லை

எங்கள் அணியின் கேப்டன் பொய் சொன்னார். வாய் தவறி வந்த பொய் இல்லை. சென்னை முழுவதிலும் இருந்து ஆடுகிறவர்கள் படிக்கிற குழுவில், உட்கார்ந்து யோசித்து, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதிய பொய். அதில் நான் பயந்தாங்கொள்ளி, அவர் வீரர். இந்தப் பத்திரிகையை அவர் படிப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவருடைய அம்மா படிப்பார். அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நடந்தது போன வருடம் பங்குனியில், மயிலாப்பூரில் தேர் ஓடிய காலை. நான் அப்போது மயிலாப்பூரில் இல்லை. கோட்டூர்புரத்தில், பெரிய நூலகத்துக்குப் போகிற வழியில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக் கம்ப்யூட்டரில் கப்பல் சண்டை ஆடிக்கொண்டிருந்தேன்.

நாற்பதைத் தாண்டிய பொம்பளைக்குக் கப்பல் சண்டை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் மாமியாரில் தொடங்கி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். டிசைன் வேலைக்காகக் கம்ப்யூட்டரை மாற்றியபோது, மாட்டிக்கொடுத்தவர் படம் நன்றாக ஓடுகிறதா என்று சோதிக்க இந்த விளையாட்டை ஏற்றினார். எடுக்க மறந்துவிட்டுப் போனார். நான் எடுக்கவில்லை. கடையில் நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதைத்தான் செய்கிறேன். இரண்டு பக்கமும் போடு, கலரில் போடு, ஸ்பைரல் போடு, அக்கா சீக்கிரம். கப்பலில் ஏறி உட்கார்ந்தால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை நான் முடிவு செய்கிறேன். அதற்காகத்தான் ஆடுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

என்னுடைய கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அது ஓர் அமெரிக்கக் கப்பல். க்ரூஸர் என்கிற நடுத்தரப் போர்க்கப்பல் வகைதான், ஆனால் சாதாரண க்ரூஸர் அதன் பக்கத்தில் நின்றால் படகு மாதிரி இருக்கும். பெரிய க்ரூஸர் என்றே அதற்குப் பெயர். அமெரிக்கக் கடற்படைக்காகக் காகிதத்தில் வரைந்து, கட்டாமலே விட்டுவிட்ட வடிவம். நிஜக் கடலில் அது ஒரு நாள்கூட மிதந்ததில்லை. விளையாட்டில் மிதக்கிறது. மூன்று மூன்றாகப் பன்னிரண்டு பெரிய பீரங்கிகள். அத்தனையும் ஒன்றாக வெடித்தால் எதிரே நிற்கிற க்ரூஸர் அநேகமாக அதோடு சரி.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. உடம்பு நீளம், பக்கவாட்டுத் தகடு மெலிசு, திரும்புவது சந்துக்குள் தண்ணி லாரி திரும்புகிற மாதிரி. மூக்கை எதிரிக்குக் காட்டிக்கொண்டு நிற்கும்வரை ஒருவனும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தைக் காட்டினால் ஒரே அடியில் பாதி உயிர் போய்விடும். அதனால் இந்தக் கப்பலை ஓட்டுகிறவர்கள் சண்டை நடுவில் திரும்பவே மாட்டார்கள். அப்படித் திரும்புகிறார்கள் என்றால் அதைவிடப் பெரிய ஆபத்து எதையோ பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்கள் அணியில் ஏழு பேர். அடையாறு, வேளச்சேரி, தி.நகர் என்று பல பக்கத்துப் பையன்கள், எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். எல்லாருக்கும் நான் அக்கா. அந்தப் பெரிய க்ரூஸர் என்னிடமும் கேப்டனிடமும் மட்டும்தான் இருந்தது. கேப்டன் மயிலாப்பூர்க்காரர். மாட வீதியிலேயே வீடு. முகவரி எனக்குத் தெரியும், ஏனென்றால் அணிக்கு டீ ஷர்ட் அச்சடித்துக் கொடுத்தது என் கடைதான். அவர் தன்னுடையதை வாங்க வரவே இல்லை. பார்சலில் அனுப்புங்கள் என்று முகவரியை அனுப்பிவைத்தார். நான் இன்னும் அனுப்பியிருக்கவில்லை.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. எதிரியை நெருங்கும்போது அவர் பேசுகிறவரை மற்றவர்கள் பேசக்கூடாது. அவர் சொல்லாமல் ஒருவரும் வரிசையை விட்டுத் திரும்பக்கூடாது. நாங்களும் கேட்டுக்கொண்டோம். நன்றாகத்தான் ஆடுவார், அதை நான் மறுக்கவில்லை.

அன்றைக்கு இறுதிப் போட்டி. எதிரணியில் ஒருவருக்கு வடபழனியில் அக்கா கல்யாணம், சாயங்காலம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எங்கள் கேப்டன் முடியாது என்றார். எங்கள் ஆட்கள் எப்போதும் தயார், உங்களால் முடியாவிட்டால் தோற்றதாக எழுதிக் கொடுங்கள் என்று பதில் போட்டார். காலை நேரத்தை அவர்தான் குறித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தொடங்கியது. இரண்டு தீவுகளுக்கு நடுவில் ஒரு குறுகலான வழி. எதிரிகள் அந்தப் பக்கம் இருந்தார்கள். கேப்டன் கப்பல் முன்னால், எனது கொஞ்சம் பின்னால், இடப்பக்கம் அடையாறு தம்பியின் சின்ன க்ரூஸர். ஹெட்போனில் கேப்டன் பேசப் பேச, அவர் குரலுக்குப் பின்னால் நாயனச் சத்தம் கேட்டது. மேளம் வேறு.

அடையாறு தம்பி சும்மா இருக்க மாட்டான். "கேப்டன், அந்தக் கல்யாணத்துக்கு நீங்க போயிட்டீங்களா? நாயனம் தூக்குது மச்சி."

"ஜன்னலைச் சாத்திட்டேன். வாயை மூடிண்டு ஓட்டுடா. இனிமே நான் சொல்றவரைக்கும் யாரும் பேசக்கூடாது. என் பின்னாடியே வாங்கோ" என்றார் கேப்டன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் குரல் வரவில்லை. அவர் போட்ட சட்டப்படி நாங்களும் பேசவில்லை. அவர் கப்பல் முழு வேகத்தில் நேராக அந்தக் குறுகலான வழிக்குள் போனது. நாங்கள் பின்னால் போனோம்.

எனக்கு முதலில் உறுத்தியது அவருடைய பீரங்கிகள். ஆள் இருந்தால் பீரங்கிகள் அசைந்துகொண்டே இருக்கும். நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோமோ அந்தப் பக்கம் அவையும் திரும்பும். அவருடைய பன்னிரண்டும் வலதுபக்கத் தீவின் பாறையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றன. இடதுபக்கம் எதிரிக் கப்பல் தலையை நீட்டியது. பீரங்கிகள் அசையவில்லை. குண்டு விழுந்து கப்பல் தீப்பிடித்தது. அணைக்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் அணைந்துவிடும்.

நாயனம், மேளம், மாட வீதி. எனக்குச் சட்டென்று பிடிபட்டது. தேர் அவர் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது. தேர் வரும்போது மேலே போகிற கம்பிகளுக்காகக் கரெண்டை நிறுத்துவார்கள். அவர் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. கப்பல் அவர் கடைசியாகக் கொடுத்த கட்டளையைப் பிடித்துக்கொண்டு, முழு வேகம், நேர் திசை என்று போய்க்கொண்டே இருக்கிறது. அதில் ஆள் இல்லை.

தேர் அன்றைக்கு அங்கே கரெண்ட் இருக்காது என்று முன்பே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாட வீதியில் பிறந்து வளர்ந்தவருக்கு இதைக் கோட்டூர்புரத்துக்காரி சொல்லித் தர வேண்டுமா? முந்தின நாள் தேர் பார்க்க வருகிறவர்களுக்கான நீர்மோர்ப் பந்தலுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவள் நான். தேர் அன்றைக்கு ஆட்டம் வைக்கிறார் என்றால் வேறு எங்காவது உட்கார்ந்து ஆடுவார் என்றுதான் நினைத்தேன்.

சட்டத்தை மீறி மைக்கில் பேசினேன். "தம்பிங்களா, கேப்டன் கப்பல்ல ஆளில்ல. அவர் வீட்டாண்ட தேர் வந்துக்கினு கீது, கரெண்ட் போயிருக்கும். யாரும் பின்னாடி போகாதீங்க. திரும்புங்க."

"அக்கா, கேப்டன் சொல்லாம எப்படிக்கா திரும்புறது?" என்றான் அடையாறு தம்பி.

"சொல்றதுக்கு அவர் இருந்தாத்தானேடா சொல்லுவாரு."

"தூண்டில் போடுறாரோ என்னவோக்கா. போய்ப் பாத்துடலாம்."

அவன் போனான். நான் திரும்பினேன்.

திரும்புவது என்றால் சும்மா இல்லை. அந்த நீளக் கப்பலின் பக்கம் முழுவதையும் எதிரிகளுக்குக் காட்டினேன். மூன்று கப்பல்கள் என்மேல் சுட்டன. உயிர் பாதிக்கும் கீழே போனது. இரண்டு இடத்தில் தீ. ஆனாலும் திருப்பினேன். நான் தீவுக்குப் பின்னால் ஒதுங்கியபோது, குறுகலான வழியின் அந்தப் பக்கத்தில் ஒளிந்திருந்த சின்னக் கப்பல்களிடமிருந்து தண்ணீருக்கடியில் பாயும் டார்பிடோ குண்டுகள் வந்தன. கேப்டன் கப்பல் அவற்றின் மேலேயே நேராகப் போய் மூழ்கியது. கூடவே அடையாறு தம்பியும்.

என்னைப் பார்த்து நின்றுவிட்ட நான்கு தம்பிகளையும் சேர்த்து மீதி ஐந்து பேர். தீவைச் சுற்றி வந்து, இந்தத் தடவை மூக்கைக் காட்டிக்கொண்டு, இரண்டு எதிரிக் கப்பல்களை நான் மூழ்கடித்தேன். மற்ற தம்பிகளும் விடவில்லை. ஐந்து பேர் ஏழு பேருடன் கடைசி வரைக்கும் மல்லுக்கட்டினோம். கொஞ்சப் புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். தோற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. கேப்டன் வந்து நிலைமையைச் சொல்வார், எல்லாரும் சிரிப்போம், அடுத்த போட்டிக்குத் தயாராவோம் என்று இருந்தேன்.

மதியத்துக்கு மேல் அவர் எழுதினார். பெரிய குழுவில், எல்லா அணிக்காரர்களும் இருக்கிற இடத்தில். மைக் பழுதானதால் பேச முடியவில்லை என்றார். எதிரிகளை வெளியே இழுப்பதற்காகத் தானே தூண்டிலாக உள்ளே போனதாகவும், பின்னால் வந்து காப்பாற்ற வேண்டிய அக்கா பயந்து வரிசையை உடைத்துத் திரும்பி ஓடியதாகவும் எழுதினார். கடைசி நொடி வரை கப்பலில் இருந்தாராம். அக்கா நல்லவர், ஆனால் பெரிய கப்பலை ஓட்ட நெஞ்சில் துணிவு வேண்டும் என்று முடித்திருந்தார். கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். அக்கா சமையல் கேம் ஆடலாமே என்று எவனோ ஒருவன். அன்று சாயங்காலமே என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

நான் பதில் எழுதினேன். கரெண்ட் போனதையும், பீரங்கி அசையாததையும் எழுதினேன். "தோத்துட்டு காரணம் சொல்றாங்க" என்றார்கள். அடையாறு தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கேப்டனை நம்பிப் போய் மூழ்கியவனுக்கு, ஆளில்லாத கப்பல் பின்னால் போனேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கம்.

எதிரணி கேப்டன் மட்டும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். அவரை நான் பார்த்ததே இல்லை. 'நீங்கள் திரும்பாமல் இருந்திருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். உங்களுக்காகத்தான் அந்த டார்பிடோக்களை வைத்திருந்தோம். எங்கள் அணிக்கு வருகிறீர்களா?' என்று கேட்டிருந்தார். அதைப் படித்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பிட்டேன். ஆனால் போகவில்லை. இந்தப் பெயரோடு போனால், பயந்து ஓடியவளுக்கு அங்கே இடம் கொடுத்தார்கள் என்றுதான் பேசுவார்கள்.

என் வீட்டுக்காரர் சினிமாவில் லைட் போடுகிறவர். வடபழனி பக்கம் ஷூட்டிங் முடித்து வந்தவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா, மூஞ்சி இப்டி கீது? கப்பலு முங்கிச்சா?"

முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "தேர் அன்னிக்கு மாட வீதில கரெண்ட நம்பி உக்காந்தானா? அவனையா கேப்டனா வெச்சிருந்தீங்க? விட்டுத்தள்ளு. எவனோ இன்னாவோ எழுதிக்கினு போறான்."

"எவனோ இல்ல. என் பேரைப் போட்டு எழுதிக்கிறான்."

"இப்ப இன்னா செய்யப் போற?"

"டீ ஷர்ட் குடுக்கப் போறேன்" என்றேன்.

அடுத்த வாரம் லஸ் முனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். கையில் அவருடைய டீ ஷர்ட். முதுகில் பெரிய எழுத்தில் கேப்டன் என்று நானே அச்சடித்தது. கதவைத் திறந்தது அவர் அம்மா.

"உங்க பையன் டீம்ல நானும் ஆடுறேம்மா. இதைக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"எந்த டீம்? அந்தக் கப்பலா?"

"ஆமாம்மா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் கப்பல் விடறேளா? உள்ள வாங்கோ. அந்தக் கப்பலால எங்காத்துல ஒரு வேளை சாப்பாடு சூடா இறங்கினதில்லை."

உட்கார வைத்து மோர் கொடுத்தார். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இதே பத்திரிகை, கண்ணாடி செருகியபடி நாற்காலியில் கிடந்தது. டீ ஷர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். "கேப்டன்னு போட்டிருக்கே. நன்னாருக்கு. தேர் அன்னிக்கு இந்தக் கேப்டன் பண்ணின கூத்தைப் பார்த்திருக்கணும் நீங்க."

நான் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"தேர் வாசல்ல வந்து நிக்கறது. ஊரே கன்னத்துல போட்டுண்டிருக்கு. இவன் மாடியிலேர்ந்து குதிச்சு ஓடி வந்து, கரெண்டை எவன் நிறுத்தினான்னு கத்தறான். மேல கம்பி போறதே, தேர் எப்படிடா போகும்னேன். உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, என் கப்பல் போயிண்டிருக்குங்கறான். பக்கத்தாத்து மாமா சிரிச்ச சிரிப்பு இருக்கே."

"அப்புறம் எப்பம்மா கரெண்ட் வந்துச்சு?"

"தேர் தாண்டிப் போய் எவ்வளவு நாழியோ கழிச்சு. அதுவரைக்கும் மொட்டை மாடியில போனைத் தூக்கிப் பிடிச்சிண்டு சிக்னல் தேடிண்டிருந்தான். அத்தனை கும்பல்ல எங்கேர்ந்து சிக்னல்?"

கேப்டன் அதற்குள் மாடிப்படியில் வந்து நின்றிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவை நேரில் பார்க்கிறேன். கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள். முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, வெளிய போய்ப் பேசலாம்" என்றார்.

தெருவுக்கு வந்தோம். அதுவரை அவரை நீங்க என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அங்கே அது எனக்கு வரவில்லை.

"பொய்தானே எழுதின?"

"கரெண்ட் போச்சுன்னு எழுதினா எல்லாரும் சிரிப்பாங்கக்கா. மயிலாப்பூர்க்காரன் தேரை மறந்துட்டான்னு மீம் போடுவாங்க. டைம் வேற நான்தான் குறிச்சேன். மாத்தச் சொன்னப்ப மாட்டேன்னேன்."

"உன்னைப் பாத்துச் சிரிப்பாங்கன்னு என்னைப் பாத்துச் சிரிக்க வெச்சியா?"

"ஒரு கேம்தானேக்கா. விடுங்களேன்."

"ஒரு கேம்தானேன்னா ஒரு வரி எழுதிட்டுப் போயேன். இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டப்படுற?"

திரும்பி வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அடுத்த சீசன்ல சத்தமில்லாம உங்களைச் சேத்துக்கறேன்க்கா" என்றார்.

"சத்தம் போட்டுத்தானே வெளிய அனுப்புன. சத்தம் போட்டே கூப்பிடு."

எழுதுகிறேன் என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எழுதமாட்டான்" என்றார். எழுதவில்லை. வாரம் போய் மாதம் போய், இதோ மறுபடியும் பங்குனி வரப் போகிறது. அந்தக் குழுவில் அவர் எழுதியது இன்னும் அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் கதையைத்தான் சொல்கிறார்களாம். பெரிய க்ரூஸரில் தூண்டிலாகப் போன கேப்டன், ஓடிப்போன அக்கா.

அவர் அம்மா பேசியதை நான் போனில் பதிவு செய்திருக்கலாம். செய்யவில்லை. மோர் கொடுத்தவரை நான் பஞ்சாயத்துக்கு இழுக்க மாட்டேன். அம்மா, நீங்கள் இதைப் படித்தால், யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் பையன் இருக்கிற இடத்தில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள், போதும்.

நான் இன்னமும் ஆடுகிறேன். அணி இல்லாமல், தனியாக, அதே கப்பலில். கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிற பெண்பிள்ளைகள் சிலர் எட்டிப் பார்த்துவிட்டு எனக்கும் சொல்லிக் கொடுங்கள் என்கிறார்கள். பக்கத்தைக் காட்டாதே, தீப்பிடித்தால் உடனே அணை என்று சொல்லிக் கொடுக்கிறேன். முன்னால் போகிறவனுடைய பீரங்கி அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் போ என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். இது கப்பலுக்கு மட்டும் இல்லை என்று அவர்களுக்குப் போகப் போகத் தெரியும். எனக்கு அந்தக் காலையில் தெரிந்தது. ஆளில்லாத கப்பல் நேராகப் போனால் அதை வீரம் என்று கைதட்ட ஆள் இருக்கிறது. அடி விழும் என்று தெரிந்தே திரும்புகிறவளுக்குக் கைதட்ட ஆள் இல்லை. பரவாயில்லை. கைதட்டலை நான் கேட்கவில்லை.

கேப்டன், உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான். கடைசி நொடி வரை கப்பலில் இருந்தேன் என்கிறீர்களே, எதிரி எதிரே வந்து நின்றபோது உங்கள் பன்னிரண்டு பீரங்கிகளும் ஏன் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றன? எனக்குத் தனியாக எழுத வேண்டாம். நீங்கள் என்னைப் பற்றி எழுதிய அதே குழுவில், கைதட்டிய அத்தனை பேரும் படிக்கும்படி, இந்த வருடத் தேர் ஓடுவதற்குள் பதில் சொல்லுங்கள்.